நீலப் படத்துக்கு நான் எழுதிய குறிப்பு

குற்றாலத்தில் நான் வேலை பார்த்தது ஒரே ஒரு சீசன்தான். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு பழைய பங்களாவின் முன்கூடத்தை மூன்று மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்து, மெட்ராஸ்காரர் ஒருவர் ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார். பலகையில்தான் கண்காட்சி, உண்மையில் அது கடை. புதுமாதிரிப் படங்கள் விற்கிற கடை. அவர் அதைக் ‘கேலரி’ என்பார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் என் அப்பாதான். அப்பா பேரருவிக்குப் பக்கத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் இல்லாத மாதங்களில் தென்காசி வயல்களில் கூலி வேலை. அவரிடம் எண்ணெய் தேய்க்கப் படுத்த மெட்ராஸ்காரர், தமிழ் எழுதத் தெரிந்த, கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். “எம் மக இருக்கா, பத்து பாஸு” என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். என் எழுத்து அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அதற்காக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

முதல் நாள் அந்தக் கூடத்துக்குள் போனபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய கூடத்தில் எட்டே படங்கள். தென்காசி ரத வீதியில் சாமிப் படக் கடைக்காரர் சுவரில் விரல் வைக்க இடமில்லாமல் மாட்டியிருப்பார். இங்கே புதிதாகச் சுண்ணாம்படித்த சுவர், நடுவில் ஒரு படம், மறுபடியும் வெறும் சுவர். உள் அறையில் சாக்குத் துணி சுற்றி இன்னும் முப்பது படங்கள் இருந்தன.

“அதையும் மாட்டலாமே சார்?” என்றேன்.

“மாட்டினா நிறைய இருக்குன்னு தெரிஞ்சுடும். நிறைய இருக்கிறதை எவன் ஆசைப்பட்டு வாங்குவான்?”

மாட்டியிருந்த எட்டையும் அந்த முப்பதையும் வரைந்தவர் ஒரே ஆள். மெட்ராஸில் எங்கோ ஒரு மாடி அறையில் இருக்கிறாராம். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, அவர் வரைகிறதையெல்லாம் சார் எடுத்துக்கொள்வார். வருஷத்துக்கு இத்தனைதான் வெளியே விடுவார். முதல் படத்தைப் பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு டாக்டருக்குக் கிட்டத்தட்டச் சும்மாவே கொடுத்திருந்தார். அதன் பிறகு வருகிறவர்களிடமெல்லாம், “டாக்டர் வீட்டு ஹாலில் இவர் படம்தான் இருக்கு” என்று தொடங்குவார்.

என் வேலைகளில் ஒன்று, சிவப்பு வழவழப்புத் தாளில் கால் ரூபாய் அளவுக்கு வட்டம் வெட்டுவது. விற்ற படத்தின் மூலையில் அதை ஒட்ட வேண்டும். விற்காத படங்களில் மூன்றுக்கு முதல் நாளே ஒட்டச் சொன்னார். பொய்யில்லையா என்று கேட்டேன். “யாரும் வாங்காததை யாரும் வாங்க மாட்டாங்கம்மா” என்றார். நிஜமாகவே விற்ற படங்களையும் சீசன் முடியும்வரை வாங்கியவர்களிடம் கொடுக்க மாட்டார். விற்ற படம்தான் விற்காத படத்தை விற்கும் என்பது அவர் கணக்கு.

வருகிறவர்கள் நாலு மணிக்கு மேல் வருவார்கள். காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, வயிறு முட்டச் சாப்பிட்டு, படுத்துப் பார்த்துத் தூக்கம் வராமல், சாரலில் நனைந்துகொண்டே வருவார்கள். எஸ்டேட்காரர்கள், வக்கீல்கள், பண்ணையார் வீட்டுப் பெண்கள். படங்களின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். “இது என்னது, மாடா?” என்பார் ஒருவர். “மாடுன்னா கொம்பு எங்கவே?” என்பார் கூட வந்தவர். சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

எதிர்ச் சுவரில் தனியாக ஒரு படம் இருந்தது. முழுக்க நீலம். மேலிருந்து கீழே வெள்ளை வெள்ளையாகச் சில பட்டைகள். நடுவில் ஒல்லியாக ஒரு உருவம், பெண் என்றுதான் சொல்ல வேண்டும். முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்திலும் நீலம்தான். பின்பக்கத்தில் ‘அமைப்பு’ என்று எழுதி ஒரு எண் போட்டிருந்தது. அதன் முன்னால் யாருமே நிற்கவில்லை.

இரண்டாவது வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். “இதுக்கு ஒரு பத்து வரி எழுது. தென்காசி பிரஸ்ல அடிச்சு, வர்றவங்க கையில குடுப்போம்.”

“என்ன படம்னே தெரியலையே சார்.”

“தெரிஞ்சா நான் ஏன் உன்னைக் கேக்கிறேன்? பார்க்கிறவன் நகர்ந்து போறான். நகராம நிக்க வை. அவ்வளவுதான்.”

“வரைஞ்சவர்கிட்டக் கேட்டு எழுதலாமே.”

“அவன்கிட்டக் கேட்டா ‘நீலம்’னு சொல்லுவான்.”

மத்தியானம் முழுவதும் அந்தப் படத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல். வெள்ளைப் பட்டைகளைப் பார்க்கப் பார்க்க, கல்லில் காயப்போட்ட படுக்கை விரிப்புகள்போலத் தெரிந்தன. அப்புறம் எழுதுவது கஷ்டமாக இல்லை.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். லாட்ஜ் விரிப்புகளை மூட்டையாகக் கட்டி, அருவிக்குக் கீழே ஆற்றில் துவைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பள்ளிக்கூடம் போனதில்லை. மலையில் மழை கொட்டிய ஒரு நாள், ஊரில் வெயிலாக இருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. கரையில் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவள் விரிப்புகளை அள்ளப் போயிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதினைந்து, எனக்கு எட்டு. இரண்டாம் நாள் தென்காசிப் பாலத்துக்குச் சற்று மேலே, ஆறு வருகிற பக்கம், நாணல் புதரில் கிடைத்தாள். அப்பா தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளை எங்கள் ஊரிலேயே அடக்கம் செய்தோம்.

கல்யாணமாகாமல் போன பெண்ணை எங்கள் பக்கத்தில் வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டி ஒன்றில் அவளுக்குப் பாவாடை, தாவணி, வளையல், கண்மை எல்லாம் இருக்கும். ஆடி மாதம் கடைசிச் செவ்வாய் விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைத் திறந்து, புதுத்துணி வைத்து அவளைக் கூப்பிடுவார்கள். போன வருஷத்துத் துணியை வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அது நான்தான். அவளுக்கு எப்போதும் பதினைந்து வயது அளவுக்கே எடுப்பார்கள். சின்ன வகுப்புகளில் பாவாடையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துக்கொண்டு போவேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதப் போனபோது அது எனக்குச் சரியாக இருந்தது. இப்போது சிறிதாகிவிட்டது.

இதையெல்லாம் நான் எழுதவில்லை. விரிப்புத் துவைக்கப் போன பெண், வெயிலில் வந்த வெள்ளம், இரண்டாம் நாள் நாணலில் கிடைத்தது, அவ்வளவுதான் எழுதினேன். அக்கா என்று எழுதவில்லை. சார் நின்றுகொண்டே படித்தார்.

“நல்லா வந்திருக்கு. கடைசி வரியை மட்டும் எடுத்துடு. கிடைச்சுட்டான்னா, ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுவான். கிடைக்கலைன்னா நிப்பான்.”

அவர் சொன்னது சரியென்று எனக்குப் பட்டது. அதை மறைக்கப்போவதில்லை. நான் அடித்துவிட்டு எழுதினேன்: ‘அவள் கிடைக்கவே இல்லை. சாரல் விழும் நாட்களில் இன்னும் ஈரத்தோடு நடக்கிறாள்.’ எழுதியதும் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அச்சாகி வந்த தாளைப் பேருந்தில் வீடு வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே போனேன்.

மறுநாளிலிருந்து அந்தப் படத்தின் முன்னால் ஆட்கள் நின்றார்கள். தாளைப் படிப்பார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள், மறுபடியும் படிப்பார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடா என்று கேட்டவரே வந்து பேசாமல் நின்றார். நாலாம் நாள், செங்கோட்டைக்காரர் ஒருவர், மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கிறவர், அதை வாங்கிவிட்டார். நானே சிவப்பு வட்டத்தை ஒட்டினேன். இந்தத் தடவை பொய்யில்லை.

விற்ற படமானாலும் அது சுவரிலேயே இருந்தது. காலையில் கூடத்தைத் திறக்கிறவள் நான். அந்தப் படத்தின் முன்னால் மட்டும் தரை ஈரமாக இருக்கும். சாரலில் நனைந்து வருகிறவர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள், அந்த ஈரம் சாரல் காலத்தில் காய்வதில்லை. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், மற்ற வேலைகளுக்கு முன்னால் அந்த இடத்தைத்தான் துடைப்பேன். துடைக்கும்போது படத்துக்கு முதுகைக் காட்டமாட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அக்காவுக்குப் போட்டோ கிடையாது. அவள் முகம் என் நினைவில்தான் இருந்தது. மேல் உதட்டில் ஒரு தழும்பு, சிரித்தால் அது மறைந்துவிடும். ஆடி பிறந்த வாரத்தில் ஒரு நாள் அவளை நினைத்துப் பார்த்தேன். நீலம்தான் வந்தது. தழும்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவாமலே வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

“ஏட்டி, அந்த நீலப் படத்துக்கு எழுதுனது யாரு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நான்தான்.”

“செங்கோட்ட மொதலாளி இன்னைக்கு எங்கிட்டப் படுத்தாரு. கவுந்து படுத்துக்கிட்டே சொல்லுதாரு, ‘நீலமா ஒரு படம் வாங்கியிருக்கேன்வே. விரிப்புத் தொவைக்கப் போன புள்ள வெள்ளத்துல போயிட்டு. ஆளு கெடைக்கவே இல்லையாம். இப்பமும் சாரல்ல ஈரத்தோட நடக்குதாம்’னு. நான் முதுகத் தேச்சிக்கிட்டிருக்கேன். ‘ஏன்வே நிறுத்திட்டீரு?’ங்காரு. என்னத்தச் சொல்ல? திரும்பத் தேச்சேன்.”

அம்மா எழுந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

“கெடைக்கலன்னு எழுதுனியா?”

“அது சும்மா கதைம்மா. அக்கா பேரு எதுவும் போடல. படிக்கிறவங்க எல்லாம் கார்ல ஏறிப் போயிருவாங்க. நமக்கென்ன?”

“எழுதுனது சும்மாவா? வாயால சொன்னாக் காத்தோட போவும். எழுதுனது நெலைக்கும்னுதான ஒன்னப் பள்ளிக்கோடத்துக்கே அனுப்புனோம்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். “குளுந்து போயி உக்காந்திருந்தாட்டி. வருசம் ஒரு துணி வாங்கிக்கிட்டுச் செவனேன்னு இருந்தா. அவள எழுப்பி நடக்க விட்டுட்டியே.”

அப்பா போய்க் கிண்ணத்தைக் கழுவினார்.

மறுநாள் சாரிடம், வேறு தாள் அடிக்க வேண்டும், கிடைத்துவிட்டாள் என்று போட வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் இரக்கப்படவில்லை என்று சொல்ல மாட்டேன்.

“உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா அந்த ஒரு வரியை எடுத்தா சுவத்துல என்ன இருக்கு? நீலம் இருக்கு. செங்கோட்டைக்காரர் நீலத்தை வாங்கலை. அது மட்டுமில்ல, இந்த ஆளோட மத்தப் படமெல்லாம் இப்ப இந்த வரியாலதான் போகுது. வர்றவன் எல்லாம் ‘வெள்ளத்துப் பொண்ணை வரைஞ்சவரா?’ன்னுதான் கேக்கிறான்.”

அது உண்மை. சாக்கு சுற்றிய முப்பதில் பதினொன்று வெளியே வந்து விற்றிருந்தன.

ஆடிக் கடைசிச் செவ்வாய் வந்தது. அம்மா பெட்டியைத் திறந்து, பச்சைப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் வைத்தாள். எல்லா வருஷமும் கூப்பிட்டதும் அம்மாவுக்கு உடம்பு சிலிர்க்கும். கை ரோமம் எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வந்துட்டா” என்பாள், நாங்கள் சாப்பிடுவோம். அன்று மூன்று தடவை கூப்பிட்டாள். கையை நீட்டியே வைத்திருந்தாள். எங்கள் மூவரின் கண்ணும் அந்தக் கையின் மேலேயே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. படைத்த சோற்றை யாரும் தொடவில்லை.

புதன்கிழமை காலையில் அம்மா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாங்கள் போனபோது சார் தன்னிடமிருந்த சாவியால் திறந்திருந்தார்; இப்போதெல்லாம் காலையிலேயே ஆட்கள் வந்தார்கள், அன்றும் கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்காமல், “எதுட்டி?” என்றாள். காட்டினேன்.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பின்னால் வந்து பார்த்தாள்.

“இதுல அவ எங்கன இருக்கா?”

“இந்த ஒல்லியா இருக்கு பாரு, இதுதான்.”

“மூஞ்சி எங்க?”

“மூஞ்சி போடல.”

“ஏன், வரைஞ்சவனுக்குத் தெரியாதாமா?”

“அவருக்கு அவளையே தெரியாதும்மா.”

“பின்ன யாரு அவளக் கொண்டாந்து இதுக்குள்ள வச்சது?”

சுற்றி இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான்தான்” என்றேன்.

“அப்ப நீயே கூப்புடு.”

அம்மா தரையில், அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பாவாடையை விரித்தாள், அதன் மேல் தாவணி, அதன் மேல் வளையல். வீட்டில் கூப்பிடுவது எப்போதும் அவள்தான். நான் அதுவரை கூப்பிட்டதே இல்லை. பத்து வகுப்புப் படித்த எனக்கு, அத்தனை பேர் முன்னால், குரல் வரவில்லை. கடைசியில் வந்தது. “அக்கா, நீ கெடைச்சிட்ட. பாலத்துக்கு மேல நாணல்ல கெடைச்சிட்ட. அப்பா தூக்கிட்டு வந்தாரு. நான் எழுதுனது பொய். எறங்கி வா, வீட்டுக்குப் போவோம்.”

யாரும் பேசவில்லை. அம்மா கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலிர்த்ததா என்று எனக்குத் தெரியாது; தாவணியைப் போட்டுக் கையை மூடிவிட்டாள். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து, மூடியைப் பாதி திறந்தே விட்டாள்.

“வரும்போது பின்னால திரும்பிப் பாக்காத” என்றாள்.

வாசலில் சார் நின்றிருந்தார். வந்தவர்களுக்கு விரலைக் காட்டிச் சத்தமில்லாமல் இருக்கச் சொன்னவர் அவர்தான். அதை நான் கவனித்திருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், “அம்மாவை விட்டுட்டு மத்தியானம் வாம்மா. மெட்ராஸ் கண்காட்சிக்குப் புதுசா அடிக்கணும். இதையும் சேர்த்து எழுதணும். இந்த மாதிரி ஒரு படத்துக்கும் நடந்ததில்லை” என்றார். அவர் கண்கள் கலங்கித்தான் இருந்தன. கலங்கிக்கொண்டே அதைச் சொன்னார்.

“எழுத வேற ஆளப் பாருங்க சார்” என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

வேறு ஆள் எழுதியிருக்கிறார். ‘அவள் வீட்டார் வந்து அழைத்தும் அவள் படத்தை விட்டு வரவில்லை’ என்று அச்சடித்த தாளைப் பிறகு ஒருநாள் ஒருவர் எனக்குக் காட்டினார். தமிழ் சுமார்தான். அந்த ஓவியரின் படங்களுக்கு இப்போது வடக்கேயிருந்தெல்லாம் ஆட்கள் கடிதம் போடுகிறார்கள் என்றும் அவர் சொன்னார்.

ஆனால் அந்தத் தாளை அடித்தவருக்கு அன்று பஸ்ஸில் நடந்தது தெரியாது. குற்றாலம் நிறுத்தத்தில் அம்மா எனக்கு முன்னால் ஏறினாள். மூன்று பேர் உட்காருகிற இருக்கையில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

“தென்காசி மூணு” என்றாள் அம்மா.

“ரெண்டு பேருதான இருக்கீய?”

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள். வண்டியில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. என்னோடு படித்தவள் ஒருத்திகூட இருந்தாள்.

“மூணு குடுங்க” என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூன்று சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். வண்டி கிளம்பியது. ஜன்னலை யாரும் மூடவில்லை. சாரல் உள்ளே அடித்து அந்த இடம் நனைந்துகொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. தலையில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, கொஞ்சம் நகந்து குடுங்க. அங்கன ஒரு எடம் சும்மா கெடக்குல்லா?”

“இல்ல அண்ணாச்சி,” என்றேன். “ஆள் இருக்கு.”